செவந்தி பிறந்தது எங்கள் ஆபீசில்

"வரலாற்றுக்கு உயிர் கொடுக்கிறோம்" என்று இனிமேல் யாராவது என் காதுபடச் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவதாக இருக்கிறேன். சிறுவர் புத்தக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஒரு தொகுப்பு வரப்போகிறதாம். ஓய்வு பெற்ற எடிட்டர்கள் ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். கேட்டவர், "கொஞ்சம் இனிமையா இருந்தா நல்லா இருக்கும் மேடம், புதுசா வர்றவங்க பயந்துடக் கூடாது" என்றார். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. இனிமையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் என் பெயர். திலகவதி. பெயரை ஏன் முதலில் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். சென்னையில் ஒரு பதிப்பகத்தில் சேர்ந்து, குழந்தைகளுக்கான வரலாற்றுப் புத்தகங்களை எடிட் செய்தே தலை நரைத்து, ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான செஞ்சிக்கு வந்துவிட்டேன். பஜாரில் என் அப்பா, எங்கள் நைனா, மளிகைக் கடை வைத்திருந்த இடத்தை ஒரு தம்பிக்கு செல்போன் கடை போட வாடகைக்கு விட்டுவிட்டு, மாடியில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை. மெய்ப்புத் திருத்துவது, ஓவியரிடம் கெஞ்சிப் படம் வாங்குவது, அச்சகத்தோடு மல்லுக்கட்டுவது இதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆபீசிலேயே ஆள் இருப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றி. அந்தப் புத்தகத்தால் ஒரு டீச்சர் மேடையேறி மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை வந்ததைப் பற்றி.

என்னை வேலைக்கு எடுத்த சீனியர் ஒருவர் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "எழுதுறவர் பேர் அட்டைல வரும். வரையறவர் பேர் உள்ள வரும். அச்சகத்து பேர் கூட வரும். நம்ம பேர் மட்டும் எங்கயும் வராது. வந்தா நாம வேலைய ஒழுங்கா பாக்கலன்னு அர்த்தம்." எனக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது. வேலையில் இருந்த காலம் முழுக்க அதைக் கட்டிக்காத்தேன். என் கைபட்ட புத்தகங்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன, ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. அதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் எங்கே போய் உடைந்தது என்பதற்கு வருகிறேன்.

செஞ்சிக் கோட்டையைப் பற்றி ஒரு புத்தகம் போடுவது என்று முடிவானபோது என்னைவிட சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. எழுதியவர் பேர் பெற்றவர். பிரதி நன்றாகவே இருந்தது. நெற்களஞ்சியம் எப்படிக் கட்டினார்கள், மலை உச்சிக்குத் தண்ணீர் எப்படிப் போயிற்று, நீண்ட முற்றுகையின்போது உள்ளே இருந்தவர்கள் என்ன தின்றார்கள், எல்லாம் இருந்தது. விற்பனைப் பிரிவுத் தலைவர் புரட்டிப் பார்த்தார். "டிரையா இருக்கே மேடம். பசங்க ஒட்ட மாட்டாங்க. ஒரு குழந்தைய உள்ள வைங்க. உயிர் வரட்டும்."

எழுத்தாளர் மறுப்பே சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்தபடியே ஒரு மோர்க்காரப் பையனைக் கொண்டுவந்தார். மலைமேல் காவல் இருப்பவர்களுக்கு மோர் சுமந்து போகிற பையன். தொடரில் ஏற்கெனவே பையன்கள் அதிகம், பெண்ணாக மாற்றுங்கள் என்றார் விற்பனை. பையனுக்குப் பாவாடை கட்டியாயிற்று. பெயர் செவந்தி. ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் மலை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம் இருக்கிறது, அதன்மேல் ஒரு பாலம் உண்டு. எதிரி வரும்போது செவந்தி, அந்தக் காலத்தில் அங்கே இருந்த மரப்பாலத்தை உள்பக்கம் இழுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். "முடிவு சப்புனு இருக்கு சார், பஞ்ச் வேணும்" என்றார் விற்பனை. எழுத்தாளர் அவளைப் பள்ளத்தில் தள்ளினார். டீ வந்து, டம்ளர் திரும்பிப் போவதற்குள் ஒரு குழந்தையைப் பெற்று, பெயர் வைத்து, கொன்றும் முடித்துவிட்டோம்.

கற்பனைக்கு நான் எதிரி இல்லை. அப்படி இருந்தால் இந்தத் தொழிலில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நான் எடிட் செய்த வரலாற்றுக் கதைகள் எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்துக்குத் தலைப்பு 'எது நிஜம், எது கதை?' என்பதுதான். இந்தப் புத்தகத்துக்கும் எழுதினேன். முற்றுகை நிஜம். மலையில் அந்தப் பிளவு நிஜம். அதன்மேல் இழுத்துக்கொள்ளக்கூடிய பாலம் இருந்தது நிஜம். செவந்தி கதை. அவ்வளவுதான், நாலு வரி. குழந்தையை ஒரு கதைக்குள் கூட்டிக்கொண்டு போனால் வெளியே கூட்டி வந்து விடுவதும் நம் வேலை. நடுக்காட்டில் விட்டுவிட்டு வந்தால் அதற்குப் பெயர் வேறு.

புத்தகம் விற்றது. இரண்டாம் பதிப்பு பைண்டாகி வந்தபோது ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நாலு வரியைக் காணோம். அந்த இடத்தில் தொடரின் மற்ற புத்தகங்களுக்கு விளம்பரம். சின்னச் சின்ன அட்டைப் படங்கள், பக்கத்தில் நட்சத்திரம். விற்பனையிடம் போய் நின்றேன். "ஃபாரம் கணக்கு இடிக்குது மேடம். விளம்பரத்துக்குன்னு ஒரு பக்கம் கூட வச்சா செலவு ஏறுது. நாலு வரிதான, யாரு படிக்கிறா? அடுத்த பதிப்புல போட்டுடலாம்." அடுத்த பதிப்பில் நானே ஃபைலைத் திறந்து நாலு வரியைச் சேர்த்துவிட்டு வந்தேன். அச்சுக்குப் போகும் வழியில் யாரோ மறுபடியும் எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த முறை மேனேஜர் வரைக்கும் போய்க் கத்தினேன். "கண்டிப்பா மேடம்" என்றார்கள். பிறகு நான் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள், தாம்பாளம் கொடுத்தார்கள், என்னை நிறுவனத்தின் மனசாட்சி என்று பாராட்டிப் பேசினார்கள். பக்கத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

செஞ்சிக்கு வந்து சேர்ந்த புதிதில், கீழே செல்போன் கடைத் தம்பி ஒருநாள் மாடிக்கு வந்து திரையை என் முகத்துக்கு நேராக நீட்டினான். "மேடம், நம்ம ஊரு செவந்தி ரீல்ஸ் பாத்தீங்களா? செம வியூஸ் போயினு இருக்குது." பார்த்தேன். ஓர் ஆட்டோக்காரர் சென்னைக் குடும்பம் ஒன்றுக்குப் பள்ளத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இங்கதாங்க குதிச்சா. உசுரு போனாலும் கோட்டைய வுட மாட்டேன்னு குதிச்சா." எங்கள் புத்தகத்தில் அவள் கால் தவறி விழுந்தாள். நாலு பதிப்புக்குள் குதிக்கத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் முட்டி வலியோடு, குரங்குகளை விரட்டிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ராஜகிரி ஏறினேன். இப்போது இருக்கிற பாலத்தின் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். கண்ணாடி வளையல் மாட்டியிருந்தார்கள். வாடிய பூ கிடந்தது. குழந்தை வேண்டிக்கொண்டு கட்டியதாம். டீ டம்ளர் திரும்பிப் போவதற்குள் நாங்கள் உண்டாக்கிய பெண்ணிடம் யாரோ ஒரு பெண் நம்பி வந்து வேண்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த வளையலைப் பார்த்து எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை.

கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் ஏறிய பிறகு கூட்டம் அதிகமாகி, செவந்திக்கும் மவுசு ஏறியது. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரியவர், செவந்தி தங்கள் வம்சத்துப் பெண் என்று பிளெக்ஸ் வைத்தார். அடுத்த வாரம் அரிசி மண்டிக்காரர், இல்லை, எங்கள் ஆட்கள்தான் என்று அதைவிடப் பெரிய பிளெக்ஸ் வைத்தார். இரண்டிலும் எங்கள் ஓவியர் வரைந்த அதே படம். இரண்டிலும் மோர்ப் பானையை வெட்டிவிட்டு, கறுப்பாக இருந்தவளை வெளுக்கவைத்து, கழுத்து நிறைய நகை போட்டிருந்தார்கள். எங்கள் புத்தகத்தில் அவள் எந்தத் தெரு என்று ஓர் எழுத்துகூட இல்லை. இல்லாத பெண்ணுக்கு இரண்டு சாதி. நான் சிரித்தேன். நாலு நாள் கழித்து வாசுகி டீச்சர் படியேறி வந்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று.

வாசுகி பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவர். பனமலையிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். நிரந்தர வேலை கிடையாது. பெற்றோர் கழகம் நியமித்த தற்காலிக ஆசிரியை. பெற்றோர் கழகத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பாத்திரக்கடைக்காரர்தான்.

நான் புத்தகக் கம்பெனியில் இருந்தவள் என்று செல்போன் கடைத் தம்பி சொல்லியிருக்கிறான். வாசுகி நாற்காலி நுனியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். வகுப்பைக் கோட்டைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பாலத்துக்கிட்டே தர்ஷினி என்கிற மாணவி தன் தலையிலிருந்த பூவை எடுத்துக் கம்பியில் வைத்துவிட்டு, "டீச்சர், செவந்தி எந்தத் தெருவு? ரெண்டு பேனருல ரெண்டு மாதிரி போட்டிருக்குது" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் இன்னா மேடம் சொல்றது? அது கதைம்மா, புக்குக்காக எழுதனதுன்னு சொன்னேன். நானும் தேடிப் பாத்துட்டேன். எந்தக் கல்வெட்டுலயும் இல்ல. இந்த புக்கு வர்றதுக்கு முன்னாடி செஞ்சில செவந்தின்ற பேர யாருனா சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? நான் சொன்னது தப்பா மேடம்?"

"தப்பே இல்ல. அவள உண்டாக்கும்போது நான் அந்த ரூம்லதான் இருந்தேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்து, உடனே மறுபடியும் வாடிவிட்டது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பாத்திரக்கடைக்காரர் ஹெட்மாஸ்டர் அறைக்கே வந்துவிட்டார். "எங்க வூட்டுப் பொண்ண இல்லேன்றாளா? யாரு சொல்லிக் குடுத்து பேசறா இவ?" அரிசி மண்டிக்காரரும் வந்தார். ஊரில் எதற்குமே ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதற்கு ஒத்துப்போனார்கள். ஆண்டு விழா மேடையில் ஏறி, "தெரியாம சொல்லிட்டேன், செவந்தி நெஜம்தான்" என்று வாசுகி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம். ஹெட்மாஸ்டர், "ஒரு வார்த்தைதானம்மா, சொல்லிட்டுப் போயேன். எனக்கு இன்னாத்துக்கு இந்த டென்ஷன்?" என்றாராம்.

"வேலை போனா போவுதுன்னு வாய் சொல்லுது மேடம். வூட்ல இன்னும் சொல்லல" என்றார் வாசுகி. "ஆனா பொய்யினு தெரிஞ்சே பசங்க மூஞ்சப் பாத்து நெஜம்னு எப்படி சொல்றது? அதுங்க நான் சொன்னா எழுதிக்குதுங்க."

அவர் போனதும் விற்பனைத் தலைவருக்குப் போன் போட்டேன். பதிப்பகத்திலிருந்து ஒரு கடிதம் போதும், செவந்தி கற்பனைப் பாத்திரம் என்று ஒரே ஒரு வரி. அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினார். "மேடம், புக்கு இப்பதான் நல்லா போயிட்டிருக்கு. இப்பப் போயி கற்பனைன்னா எப்படி? நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஊர் மக்களே நம்புறாங்க, தலைமுறையா சொல்றாங்க. அப்ப அது வாய்மொழி வரலாறுதான மேடம்?"

வாய்மொழி வரலாறு! கிழவிகளும் கூலிக்காரர்களும் வாய்விட்டுச் சொன்னதை எழுத்தில் ஏற்ற எத்தனையோ பேர் ஊர் ஊராக அலைந்து பாடுபட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லைத் தூக்கி எங்கள் ஆபீசில் டீ நேரத்தில் கட்டிய கதைக்குப் போர்த்துகிறார் இந்த மனிதர். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே அச்சிட மாட்டார்கள். போனை வைத்துவிட்டு எழுத்தாளருக்கு அடித்தேன். அவர் ரொம்ப அமைதியாக இருந்தார். "ஒரு பாத்திரம் மக்கள்கிட்டப் போயிட்டா அதுக்கப்புறம் அது என்னுடையது இல்லம்மா. மக்கள் சொத்து" என்றார். ராயல்டி மட்டும் இன்னும் அவர் சொத்து என்று சொன்னேன். லைன் கட்டாகிவிட்டது.

ஆண்டு விழாவுக்கு நான் போனேன். தகரக் கொட்டகை, ஸ்பீக்கர் அலறல், முன்வரிசையில் பாத்திரக்கடைக்காரர் ஒரு பக்கம், மண்டிக்காரர் மறுபக்கம். மேடையில் அட்டையில் செய்த பாலம் ஒன்று தயாராக நின்றது. செவந்தி நடனமாம். தர்ஷினிதான் செவந்தி. பாவாடை, பூ, நகை எல்லாம் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்று டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசுகியின் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் எழுந்துபோய் மைக்கைக் கேட்டேன். வெள்ளைத் தலைக்கு ஒரு மரியாதை இருக்கிறது, ஹெட்மாஸ்டர் யோசிக்காமல் கொடுத்துவிட்டார்.

"செவந்தின்னு யாரும் இருந்ததில்ல" என்றேன். "அவள உண்டாக்கினது நாங்க. சென்னையில, எங்க ஆபீஸ்ல. இந்த டீச்சர் பசங்களுக்குச் சொன்னது சத்தியமான வார்த்தை. அவங்க யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல."

பாத்திரக்கடைக்காரர் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் குரலில் கோபத்தைவிட அடிபட்ட வலிதான் இருந்தது.

"அம்மா, நீங்க யாரு மொதல்ல?"

"அந்தப் புத்தகத்தோட எடிட்டர்."

அவர் கையிலேயே புத்தகம் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். "எழுதனவரு பேரு கீது. படம் போட்டவரு பேரு கீது. பிரிண்ட் போட்டவன் பேரு, அட்ரஸ் எல்லாம் கீது. உங்க பேரு எங்கம்மா?"

எங்கள் தொழிலில் எடிட்டர் பெயர் போடுவதில்லை என்றேன். பின்வரிசையில் சிரித்தார்கள். "யாரோ பெரியம்மா, பாவம், வெயில்ல வந்துட்டாங்க, தண்ணி குடுங்க" என்று ஒரு குரல். உண்மையாகவே ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேடையில் நான் நின்ற நிற்பை உங்களில் யாரும் நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தில் என் கண் படாத வரி ஒன்றுகூடக் கிடையாது. அது என் வேலை என்று சொல்லிக்கொள்ள ஓர் எழுத்தும் அதில் இல்லை. பெயர் வரக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த அந்த சீனியரை, அவர் எந்த உலகத்தில் இருந்தாலும், அன்றைக்கு மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

கோபத்தில்தான் அது வாயில் வந்தது. "சரி, நான் யாரோவா இருந்துட்டுப் போறேன். ஒண்ணு கேட்டுக்கோங்க. செவந்தி மொதல்ல பொண்ணே இல்ல. மோர் விக்கிற பையன். பையன் புக்கு ஏற்கெனவே நிறைய இருக்குன்னு பொண்ணா மாத்தினோம். பாலத்த இழுத்துட்டு வூட்டுக்கு ஓடிப் போயிட்டான். முடிவு நல்லா இல்லன்னு புடிச்சித் தள்ளிவுட்டோம்."

முதலில் சிரித்தவர்கள் பிள்ளைகள். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பு முழுக்கச் சிரித்தது. செவந்தி வேஷத்தில் நின்ற தர்ஷினி தன் பாவாடையைக் குனிந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகளுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. கதை கட்டுவது எப்படி என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா என்ன, தினம் கட்டுகிறவர்கள். கதை என்று சொன்னால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று எங்கள் ஆபீசில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அன்று ஏமாந்துபோனவர்கள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மண்டிக்காரர் மட்டும் எழுந்து, "பையனா இருந்தா இன்னா? அவனும் எங்க பையன்தான்!" என்று கத்தினார். அதற்கும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஹெட்மாஸ்டர் அவசர அவசரமாக வாசுகியைக் கூப்பிட்டார். மன்னிப்பை வாங்கிவிட்டால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். வாசுகி மைக்குக்கு வந்தார். முன்வரிசையைப் பார்க்கவில்லை, தரையில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார்.

"மன்னிப்பு கேக்கச் சொல்லியிருக்காங்க. கேக்கறேன். போன வருஷம் ஆறாம் கிளாஸுக்கு நான் இந்தக் கதைய நெஜம்னு சொல்லிதான் நடத்துனேன். அப்ப எனக்குத் தெரியாது. விசாரிக்காம சொல்லிட்டேன். பசங்களா, அதுக்கு என்னை மன்னிச்சிடுங்க."

அவ்வளவுதான் பேசினார். இறங்கிவிட்டார். ஹெட்மாஸ்டர் தேசிய கீதம் போடச் சொன்னார். விழா பாதியில் இருந்தது, நடனம் நடக்கவே இல்லை, ஆனாலும் எல்லாரும் எழுந்து நின்றோம்.

நல்லபடி முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த மாதம் வாசுகியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் எதுவும் எழுத்தில் தரவில்லை. தற்காலிக ஆளுக்குக் காரணம் எதற்கு? இன்று அவர் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். நான் இதுவரை கண்ட நல்ல வரலாற்று ஆசிரியைகளில் ஒருவர், புடவைக்கு பார்கோடு அடித்துக்கொண்டிருக்கிறார். பள்ளியில் அவர் இடத்துக்கு வந்தவர் பாலத்தைக் காட்டி, செவந்தி குதித்த இடம் என்று சொல்கிறாராம். போன புத்தகக் காட்சிக்குப் புதிய பதிப்பு வந்தது. அட்டையில் சிவப்பு வட்டம் ஒன்று போட்டு, அந்த வட்டத்துக்குள் 'உண்மைக் கதை' என்று எழுதியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது. இதை ஆறவைத்துப் பேச எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் போவதில்லை.

ஆகவே, புதிதாக வந்திருப்பவர்களே, என்னிடம் பாடம் கேட்டால் இரண்டு சொல்வேன். அந்த நாலு வரியை ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள். செலவு ஏறும் என்பார்கள், யார் படிக்கிறார்கள் என்பார்கள், மேசையில் படுத்துக்கொண்டாவது அந்தப் பக்கத்தைக் காப்பாற்றுங்கள். இன்னொன்று, உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். எடிட்டருக்கு எதற்குப் பெயர், விளம்பர மோகம் என்று யாராவது சொன்னால், செஞ்சியில் ஒரு பெரியம்மா தண்ணீர் டம்ளரோடு மேடையில் நின்ற கதையைச் சொல்லுங்கள். ஒரு டீச்சருக்கு இக்கட்டு வரும்போது, நாங்கள்தான் சொன்னோம், நாங்கள் பொறுப்பு என்று முன்னால் வந்து நிற்க ஒரு பெயர் வேண்டும். அடக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, பதில் சொல்லாமல் தப்பிப்பதற்கு நல்ல வசதியாக இருந்திருக்கிறது. எனக்கு இல்லாவிட்டாலும் மற்றவர்களுக்கு.

நான் இப்போது கையில் பேனாவோடு அலைகிறேன். நூலகத்தில் இருந்த பிரதியின் கடைசிப் பக்கத்தில், விளம்பரத்தின் மேலேயே, நாலு வரியை எழுதி என் பெயரைப் போட்டேன். நூலகர் அரசாங்கச் சொத்து என்று சண்டைக்கு வந்தார். பஜார் புத்தகக் கடைக்காரர் என்னைக் கண்டால் அந்த அடுக்கை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தர்ஷினியும் அவள் வகுப்புப் பெண்கள் சிலரும் ஆளுக்கொரு புத்தகத்தோடு நின்றார்கள். "வாசுகி டீச்சர பஸ் ஸ்டாண்டுல பாத்தோம். உங்ககிட்ட எழுதி வாங்கினு வரச் சொன்னாங்க. உங்க பேரும் போடணுமாம்."

தர்ஷினியின் புத்தகத்தை முதலில் வாங்கி எழுதினேன். அவள் விரல் வைத்து வரி வரியாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"செவந்தி கதை. ஆனா பாலம் நெஜம்ன்றீங்க. அப்ப யாராச்சும் அத இழுத்திருக்கணும் இல்ல? அது யாரு?"

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"யாருக்கும் தெரியாதும்மா. அவங்க பேர யாரும் எழுதி வைக்கல."

அவள் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன். இல்லை. ஜன்னலுக்குப் போய், மலையில் பாலம் இருக்கும் இடத்தைத் தேடிப் பார்த்தாள். செவந்தியை நிஜம் என்று நம்பிய காலத்தில் அவள் இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். பிறகு புத்தகத்தை மறுபடியும் என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப அதையும் எழுதுங்க."

ஐந்தாவது வரியாக எழுதினேன்: பாலத்தை இழுத்தவர் யார் என்று தெரியாது. அதன் கீழே, இன்னொரு முறை, தெளிவாகப் படிக்கும்படி என் பெயரைப் போட்டேன்.